எலும்பில் சறுக்கிப் போனவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் குளிர்காலம் பற்றிய கட்டுரையில், ‘குதிரை எலும்பைக் காலில் கட்டிக்கொண்டு உறைந்த ஏரியைக் கடந்தார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். டிவியில் பார்க்கும் ஸ்கேட்டிங்கில் கத்தி மாதிரி இரும்பு இருக்கிறது. எலும்பை வைத்து எப்படிப் போவது? இது பயணத்துக்கா, பையன்கள் விளையாட்டா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தாண்டியது தப்புதான். முதலில் டிவியை மறந்துவிடுங்கள். இரும்பின் விளிம்பு பனிக்கட்டியைக் கவ்வும். அதனால் காலைப் பக்கவாட்டில் உதைத்து முன்னே போகலாம். எலும்புக்கு விளிம்பு கிடையாது. மாட்டின் அல்லது குதிரையின் கால் எலும்பை எடுத்து அடிப்பக்கத்தைத் தட்டையாக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். உதைத்தால் கால் தன் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே இரண்டு காலையும் தூக்காமல், இரும்பு முனை வைத்த கழியை ஊன்றித் தள்ள வேண்டும். தோணியைக் கழி போட்டுத் தள்ளுவார்களே, அதே வேலை. காலைத் தூக்குவதே இல்லை என்பதால் கட்டுவதுகூடக் கட்டாயமில்லை. கிடைத்த எலும்புகளில் பலவற்றில் கயிறு கோக்கத் துளையே இல்லை.

எலும்பில் கொழுப்பு இருப்பதால் தானாகவே வழுக்கும். போதாததற்கு அதில் பன்றிக்கொழுப்பும் தடவினார்கள் என்று 1555இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒலாஸ் மாக்னஸ் எழுதியிருக்கிறார்.

பயணம் என்றால், பிர்காவைப் பாருங்கள். ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே மெலாரன் ஏரித் தீவொன்றில் இருந்த வைக்கிங் காலச் சந்தை ஊர் அது. கோடையில் படகு, ஏரி உறைந்துவிட்டால்? அங்கே எலும்புச் சறுக்குகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. ஏரிகள் மலிந்த தென் ஃபின்லாந்தில், சுற்றி நடப்பதைவிட எலும்பில் குறுக்கே போனால் சுமார் 10% சக்தி மிச்சம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கேட்க அற்பமாக இருக்கும். குளிர்காலத்துச் சாப்பாட்டை எண்ணி எண்ணி வைத்திருப்பவனுக்கு அது அற்பமில்லை. ஆனால் மேலே பனி கொட்டி மூடிவிட்டால் எலும்பு உதவாது, பனிச்சறுக்குப் பலகைதான்.

விளையாட்டும் உண்டு. இங்கிலாந்தின் கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டிடம் எழுத்தராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்டீபன், 1170களின் லண்டனை வர்ணிக்கும்போது இதைச் சொல்கிறார். நகர மதிலுக்கு வடக்கே சதுப்பு நிலம் உறைந்ததும் இளைஞர்கள் எலும்பைக் கட்டிக்கொண்டு பறவை வேகத்தில் பாய்வார்களாம். எதிரெதிரே வந்து கழியால் மோதிக்கொள்வார்களாம். கை கால் உடையுமாம். வேறென்ன ஆகும்!

அப்புறம், பையன்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் நார்வேயை ஒன்றாக ஆண்ட அண்ணன் தம்பி ராஜாக்கள் ஐஸ்டைனும் சிகுர்தும். இருவரும் ஒருநாள் உட்கார்ந்து யார் பெரியவன் என்று வாதாடியதை ஐஸ்லாந்தின் வரலாற்றாசிரியர் ஸ்னோரி ஸ்துர்லுசன் எழுதிவைத்திருக்கிறார். தம்பி சிகுர்து ஜெருசலேம்வரை போய்ப் போரிட்டு வந்தவர். அவரிடம் ஐஸ்டைன் அடித்துக்கொண்ட பெருமைகளில் ஒன்று இது: எலும்புச் சறுக்கில் எனக்கு ஈடு யாருமில்லை, உனக்கோ ஒரு மாட்டுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது.

அன்புடன்.