வாசகர் கேள்வி பதில்: தறிக்கும் வரி, செக்குக்கும் வரி

கேள்வி: நாங்கள் தறி ஓட்டுகிற குடும்பம். சோழர் காலத்தில் கிராமத்து ஜனங்கள் வரித் தொல்லை இல்லாமல், குடவோலை போட்டு ஊரைத் தாங்களே ஆண்டு நிம்மதியாக இருந்தார்கள் என்று என் மச்சான் வாட்ஸ்அப்பைக் காட்டி அடித்துப் பேசுகிறார். நிஜமா? (வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: உங்கள் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தறியிறை கட்டியிருப்பீர்கள். செக்கு ஆட்டினால் செக்கிறை, பானை வனைந்தால் குசக்காணம், நகை செய்கிறவருக்குத் தட்டாரப்பாட்டம், தொழுவத்தில் நல்ல பசுவும் எருதும் நின்றால் அதற்கும் 'நல்லா, நல்லெருது' என்று ஒரு வரி. இதெல்லாம் பல்லவர், சோழர் சாசனங்களில் வரிசையாக இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஊரைக் கோயிலுக்கோ பிராமணருக்கோ தானம் கொடுக்கும் இடத்தில். 'வரி நீக்கிக் கொடுத்தோம்' என்றால் கட்டுகிறவனுக்கு விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள், வாங்குகிற கைதான் மாறியது. இது போக, வெட்டி என்று கூலியில்லா வேலை வேறு.

குடவோலை உண்மைதான், உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும். ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை. வரி கட்டுகிற கால் வேலி (பழைய நில அளவு) நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, வயது 35-க்கு மேல் 70-க்குள், இத்தனையும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். ஏர் பிடித்தவர் பெயர் எங்கே போவது? கணக்குக் காட்டாதவரை ஒதுக்கி வைத்தார்கள், அதற்கு மட்டும் ஒரு சபாஷ்.

நம்ம பக்கம் காவிரிப் படுகை மாதிரி இல்லை, மானாவாரிக் காடு, ஆடு மாடுதான் சொத்து. அதைக் கவர்ந்து போக ஆள் வருவார்கள், புலியும் வரும். தருமபுரி, செங்கம் பக்கத்து நடுகற்களில் பல, தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு எடுத்தவை. கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கல் பார்த்திருக்கிறீர்களா? மேலே பாய்கிற புலியின் உடம்பில் ஆயுதத்தைச் செருகியபடி ஒருவன் நிற்பான். நிம்மதி பற்றி அவனிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: சோழர் காலத்தில் சேர்வராயன் மலையில் என்னதான் சாப்பிட்டிருப்பார்கள்? (வாசகி, ஏற்காடு)

பதில்: சாமை, தினை, கேழ்வரகு, தேன், கிழங்கு. மரவள்ளியை மட்டும் அந்தக் கிழங்கில் சேர்க்காதீர்கள், மிளகாய், தக்காளி மாதிரி அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துக்கீசியர் வந்த பிறகுதான் இங்கே. காரத்துக்கு மிளகு. காபி இன்னும் பிந்தி, 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது.