மேலே இருப்பவருக்குத் தெரியாதா?

அன்புள்ள ஐயா,

நிறுவன மோசடிகளில் தலைமை அதிகாரிகளைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் கீழே நடப்பதெல்லாம் ஒருவருக்கு எப்படித் தெரியும்? தெரியாத குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பது பழிவாங்கல் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாம் தெரியாதுதான். ஆனால் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் தலையில் கணக்கு, கார்டு என்று குறைந்தது எட்டைக் கட்ட வேண்டும் என்பது அங்கே டார்கெட். அந்த எட்டை முடிவு செய்தது கவுன்டரில் இருந்த ஊழியர் அல்ல. எண்ணிக்கை குறைந்தால் அவருக்கு ஏச்சு, அப்புறம் வேலைக்கே ஆபத்து. அதனால் யாரும் கேட்காத கணக்குகளைத் திறந்தார்கள். வாடிக்கையாளருக்குத் தகவல் போகக்கூடாது என்று, இல்லாத மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்தார்கள். விஷயம் 2016-இல் வெடித்தபோது, இதற்காக ஏற்கெனவே சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். தலைவர் ஜான் ஸ்டம்ஃப் அப்போதும் பதவியில்தான் இருந்தார். அக்டோபரில் விலகினார். 2020-இல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் வங்கித் துறையில் வாழ்நாள் தடையும் விதித்தார்கள். சிறை இல்லை.

கீழே நடந்தது தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்குச் சராசரியாக எத்தனை கணக்கு என்ற எண்ணை அந்த வங்கி முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்ததே, அது தெரியும் அல்லவா? வருடா வருடம் ஏறும் எண்ணைப் பார்த்து ‘இது எப்படி ஏறுகிறது’ என்று கேட்காதவரை அப்பாவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காமின் தலைவர் பெர்னார்ட் எப்பர்ஸும், அந்த நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கில் நடந்த மோசடி தனக்குத் தெரியாது என்றுதான் சாட்சி சொன்னார். நடுவர் குழு நம்பவில்லை. 2005-இல் 25 ஆண்டு சிறை கிடைத்தது. ஆனால் எல்லா வழக்கிலும் தெரிந்தே செய்தார் என்று நிரூபிக்க முடிவதில்லை. அந்த இடத்தில் உங்கள் கேள்வி நியாயமானது.

அதற்கு பிரிட்டன் ஒரு வழி கண்டது. 2016 முதல் அங்குள்ள வங்கிகளில் எந்தப் பொறுப்பு எந்த மூத்த அதிகாரியுடையது என்று பெயரோடு எழுதிவைக்க வேண்டும். அவர் பொறுப்பில் விதிமீறல் நடந்தால், தடுக்க நியாயமான முயற்சி எடுத்தாரா என்று பார்த்து நடவடிக்கை எடுக்கலாம். தெரியாது என்பது அங்கே பதிலாகாது. தெரிந்துகொள்ள என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி. இதை எல்லாப் பெரிய நிறுவனங்களுக்கும் கொண்டுவாருங்கள் என்கிறேன். சிறை அதற்கு அப்புறம்.

அன்புடன்