ஜி2 பிஷப்புக்கு என்ன வேலை?

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறு செஸ் வகுப்பில் கேட்டலன் ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை) எடுத்தேன். போர்டின் கட்டங்களுக்குப் பெயர் உண்டு: எழுத்து நெடுவரிசை (ஏ முதல் எச் வரை), எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எத்தனையாவது வரிசை என்பது; கட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஒரு சிப்பாய் அங்கே நகர்கிறது என்று பொருள். வெள்ளை டி4, சி4, ஜி3 என்று ஆடி, பிஷப்பை (மந்திரி) ஜி2-வில் வைப்பது. வகுப்பு முடிந்ததும் வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்:

சார், பத்து நகர்த்தல் ஆகியும் ஒன்றுமே நடக்கலையே? (எட்டாம் வகுப்பு மாணவன்)

நடக்கிறது கண்ணு, சத்தமில்லாமல். ஜி2 பிஷப்பின் குறுக்குப் பாதை ஏ8 வரை போகிறது. நடுவில் கருப்பின் டி5 சிப்பாய் நிற்கிறது. அது சி4-ஐ வெட்டப் போனால் பாதை திறந்துவிடும். வெட்டாமல் நின்றாலும் கருப்பின் சி8 பிஷப்புக்கு வழியில்லை, சொந்த இ6 சிப்பாயே அடைத்துக்கொண்டிருக்கும்.

சி4 சிப்பாய் போனால் நஷ்டம்தானே? (அம்மாப்பேட்டை தறிக்காரர்)

நஷ்டம் இல்லைங்க, கைமாத்து. பெரும்பாலும் திரும்பி வரும். இரண்டு பக்கமும் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) முடிந்து, கருப்பு சி4-ஐ வெட்டியதும் வெள்ளை ராணியை சி2-வுக்குக் கொண்டுவரும். சிப்பாயைக் காப்பாற்ற கருப்பு பி5 ஆடினால் வெள்ளை ஏ4. கருப்பு சி6 என்று முட்டுக்கொடுக்கும். பி5-இல் வெட்டு, பதில் வெட்டு. அடுத்து வெள்ளைக் குதிரை எஃப்3-இலிருந்து ஜி5-க்குத் தாவும். இப்போது பிஷப் நேராக ஏ8 யானையைப் பார்க்கிறது. எஃப்6 குதிரையை டி5-இல் குறுக்கே வைத்தால் எச்7-இல் ராணி செக்மேட்! வைக்காவிட்டால் யானையோ வேறொரு காயோ போகும். இதைப் போர்டில் வைத்துப் பாருங்கள். நான் இளவயதில் கருப்பாக ஆடி இதே குழியில் விழுந்தவன்.

என் பையன் கருப்பு. அவன் என்ன செய்யணும்? (ஒரு தாய்)

சி7 சிப்பாயைத் தள்ளி சி5 ஆடணும், அவ்வளவுதான். அது நடந்துவிட்டால் கருப்புக்கு மூச்சு வரும். அதனால் வெட்டி எடுத்த சி4 சிப்பாயைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் வெள்ளை ராணி வெட்டட்டும் என்று ஏ6 ஆடலாம். ராணி சி4-இல் வெட்டியதும் பி5 என்று அதை விரட்டி, பிஷப்பை பி7-இல் எதிரெதிரே நிறுத்தி, பிறகு சி5. தாமதித்தால் சி7 சிப்பாய் அங்கேயே தேங்கி, சி வரிசையில் வெள்ளைக்குக் குறியாகிவிடும்.

தூக்கம் வரும் ஓப்பனிங்னு சொல்றாங்களே? (ஏற்காட்டிலிருந்து வரும் மாணவி)

2010-இல் சோஃபியாவில் பல்கேரிய வீரர் டோபலோவுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் 2-ஆவது, 4-ஆவது ஆட்டங்களை இதே கேட்டலனில்தான் வென்றார். 4-ஆவதில் எச்6-இல் குதிரையையே தியாகம் செய்தார். யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

பெயர் எப்படி வந்தது?

1929-இல் பார்சிலோனா போட்டியில், கேட்டலோனியாவைச் சிறப்பிக்கும் விதமாக செஸ் வீரர் டார்டகோவர் ஆடியது.

ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இல்லாதவர் ஆடலாமா?

ஆடலாம், ஆனால் நான் சொல்லமாட்டேன். முதலில் ஒரு வருடம் முதல் நகர்த்தலாக இ4 (ராஜாவின் முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆடி, நாலு பேரிடம் அடி வாங்கிவிட்டு வாங்க.