ஈரல் கலமும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹெப்படைட்டிஸ் பி பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். பலரும் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இடத்தை மட்டும் குறிப்பிடுகிறோம்.

நாரஹேன்பிட்டியில் இரத்த தானம் செய்யப் போனபோதுதான் எனக்கு ஹெப்படைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. இரண்டு வருடமாக டெனோஃபோவிர் 300 மில்லிகிராம் குளிசை தினமும் எடுக்கிறேன். இரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. ஆனால் மேற்பரப்பு அன்டிஜன் (வைரஸின் மேலுறைப் புரதம்) இன்னும் பொசிட்டிவ். குளிசையை நிறுத்தலாமா?
*வாசகர், வெள்ளவத்தை*

நீங்களாக நிறுத்தவே வேண்டாம். அந்த ரிப்போர்ட் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று மட்டுந்தான் சொல்கிறது. வைரஸின் மூலப்பிரதி ஈரல் கலத்தின் கருவுக்குள் இருக்கிறது. குளிசை அதைத் தொடுவதில்லை. அந்த மூலப்பிரதியை உருவாக்கிக் கொடுப்பவை நம்முடைய சொந்தப் புரதங்களே என்பதுதான் காரணம்.

இந்த வைரஸின் டிஎன்ஏ சுமார் 3,200 எழுத்து நீளம், பரம்பரையலகுகள் நான்கே. டிஎன்ஏயைப் பிரதியெடுக்க அது சொந்தமாக வைத்திருக்கும் நொதியம் பொலிமரேஸ் ஒன்றுதான். மிச்ச வேலைக்கெல்லாம் ஈரல் கலத்தை நம்பித்தான் இருக்கிறது. முதலில் கல மேற்பரப்பிலுள்ள ஹெப்பரான் சல்பேட் சங்கிலிகளில் இலேசாக ஒட்டும். பிறகு, பித்த உப்பைக் கலத்துக்குள் எடுக்கும் என்டிசிபி என்ற புரதத்தை இறுகப் பிடிக்கும். அந்தப் புரதந்தான் வாசல் என்பதை 2012இல் பெய்ஜிங்கில் ஓர் ஆய்வுக் குழு கண்டுபிடித்தது.

கருவுக்குள் போய்ச் சேரும் டிஎன்ஏ முழு வட்டம் அல்ல. ஓர் இழை அரைகுறையாக இருக்கும். மற்ற இழையின் நுனியில் வைரஸின் பொலிமரேஸ் ஒட்டியே இருக்கும். கலத்தின் பழுதுபார்க்கும் புரதங்கள் அதையும் தன் டிஎன்ஏயில் ஏற்பட்ட சேதம் போலவே சீர்செய்கின்றன. பொலிமரேஸைக் கழற்ற டிடிபி2 (TDP2) என்ற புரதம் உதவுகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை ஃபென்1 வெட்டுகிறது. இடைவெளியைக் கலத்தின் டிஎன்ஏ பொலிமரேஸ்கள் நிரப்ப, லிகேஸ்1 முனைகளைப் பொருத்தி மூடுகிறது. இப்படி உருவாகும் மூடிய வட்டத்தை ஆய்வாளர்கள் சிசிசி டிஎன்ஏ என்கிறார்கள். நம் டிஎன்ஏயைப் போலவே அதுவும் ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொள்கிறது. பார்வைக்கு அது ஒரு குட்டிக் குரோமோசோம்.

கலம் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. எஸ்எம்சி 5/6 என்ற புரதக் கூட்டு இந்த வட்டத்தில் உட்கார்ந்து அதை வாய் திறக்கவிடாமல் செய்கிறது. ஆனால் வைரஸின் எக்ஸ் புரதம், கலத்தின் டிடிபி1 (DDB1) புரதத்தைப் பிடித்து, வேண்டாத புரதங்களை அழிக்கும் கலத்தின் சொந்தப் பொறிமுறையையே எஸ்எம்சி 5/6 மீது திருப்பிவிடுகிறது. 2016இல் இது வெளியானபோதுதான், ஒரு சின்னஞ்சிறு எக்ஸ் புரதம் இல்லாமல் வைரஸ் ஏன் ஊமையாகிவிடுகிறது என்பது விளங்கியது.

தடை நீங்கியதும் எச்என்எஃப்4 அல்ஃபா போன்ற ஈரல் புரதங்கள் வட்டத்தில் அமர, கலத்தின் ஆர்என்ஏ பொலிமரேஸ் 2 வைரஸ் ஆர்என்ஏக்களை எழுதித்தள்ளும். அவற்றுள் நீளமான ஆர்என்ஏயை வைரஸ் பொலிமரேஸ் பற்றிக்கொள்ள எச்எஸ்பி90 என்ற துணைப் புரதம் தேவை. இரண்டும் வைரஸின் மையக்கூட்டுக்குள் (உள்ளிருக்கும் புரத ஓட்டுக்குள்) அடைபட்ட பிறகு, ஆர்என்ஏயிலிருந்து புதிய டிஎன்ஏ தயாராகிறது. டெனோஃபோவிர் மறிப்பது இந்தக் கடைசிப் படியை மட்டும். (அந்தக் குளிசையை வேலைசெய்யும் வடிவத்துக்கு மாற்றுவதும் நம் கலத்தின் கைனேஸ் நொதியங்களே.) வட்டம் அப்படியே இருக்கிறது; ஆர்என்ஏயும் அன்டிஜனும் வந்துகொண்டே இருக்கின்றன. போதாததற்கு, வைரஸ் டிஎன்ஏயின் துண்டுகள் நம் குரோமோசோம்களிலும் செருகிக்கொள்கின்றன. மேற்பரப்பு அன்டிஜன் அங்கிருந்தும் சுரக்கும். உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளும் முரண்படுவது போலத் தெரிவது இதனால்தான்.

குளிசையை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ டிஎன்ஏ மீண்டும் ஏறும். பின்னாலேயே, ஈரல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி நொதியம் பல மடங்கு உயரலாம். ஈரல் ஏற்கெனவே சுருங்கியவருக்கு (சிரோசிஸ்) இது உயிராபத்து. நிறுத்துவதா என்பதை மேற்பரப்பு அன்டிஜன் மறைந்து, அது மறுபடியும் உறுதியான பிறகு கிளினிக்கில் பேசுங்கள். அதுவரை 6 மாதத்துக்கு ஒருமுறை டிஎன்ஏ, ஏஎல்டி. டெனோஃபோவிர் எடுப்பதால் சிறுநீரகத்துக்கு கிரியேட்டினினும். ஒரு வேளை மறந்தால் அன்றே ஞாபகம் வந்ததும் போடுங்கள், மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

நான் ஆய்வுகூட மாணவி. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஹெப்ஜி2 ஈரல் கலங்களில் நோயாளியின் சீரத்தைச் சேர்த்து, இரண்டாம் நாள் மேற்பரப்பு அன்டிஜன் பார்த்தேன், பொசிட்டிவ். ஆனால் ஏழாம் நாள் ஒன்றுமே இல்லை. ஈரல் கலப் புரதங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்ப்பதே என் திட்டம். எங்கே பிழை?
*மாணவி, கொழும்பு 7*

தொற்றே நடக்கவில்லை. இரண்டாம் நாள் நீங்கள் கண்டது சீரத்திலேயே இருந்த அன்டிஜன். சாதாரண ஹெப்ஜி2 கலத்தில் என்டிசிபி அநேகமாக இல்லை. அதை நிலையாக வெளிப்படுத்தும் ஹெப்ஜி2 வேண்டும். ஹெப்ஜி2.2.15 கலம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் வைரஸ் டிஎன்ஏ குரோமோசோமில் செருகப்பட்டிருக்கிறது, உள்நுழைவு பற்றிய கேள்விக்கு அது பதில் சொல்லாது.

கொலாஜன் பூசிய தட்டில் கலங்களை நெருக்கமாக வளருங்கள். ஊடகத்தில் 2 வீதம் டிஎம்எஸ்ஓ சேர்த்தால் கலங்கள் பெருகுவதை நிறுத்தி ஈரல் தன்மைக்குத் திரும்பும். ஒரு கலத்துக்குச் சில நூறு முதல் ஆயிரம் வைரஸ் டிஎன்ஏ பிரதிகள் என்ற கணக்கில், 4 வீதம் பிஇஜி 8000 உடன் 16 முதல் 24 மணிநேரம் வையுங்கள். பிஇஜி இல்லாவிட்டால் இந்தக் கலங்களில் தொற்று மிகக் குறைவு. பிறகு பிபிஎஸ்ஸில் 3 முதல் 5 தடவை கழுவி, *கழுவிய உடனே ஊடகத்தில் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள்.* உங்கள் குழப்பத்தைத் தவிர்த்திருக்கக்கூடியது அந்த மாதிரிதான். 2, 3 நாளுக்கொருமுறை ஊடகத்தை மாற்றி, 6ஆம் நாளுக்குப் பிறகு ஈ அன்டிஜனை (கலம் வெளியே சுரக்கும் இன்னொரு வைரஸ் புரதம்) அளவிடுங்கள். இன்னொரு குழியில், வைரஸ் சேர்க்குமுன், என்டிசிபி வாசலை அடைக்கும் மருந்தான புலெவிர்டைட் 200 நனோமோலார் இடுங்கள். அந்தக் குழியிலும் அன்டிஜன் ஏறினால் நீங்கள் அளப்பது தொற்றை அல்ல, மிச்சசொச்சத்தை.

டெனோஃபோவிரை இங்கே எதிர்மறைக் கட்டுப்பாடாக வைக்காதீர்கள். ஈ அன்டிஜன் வட்ட டிஎன்ஏயிலிருந்து வருவதால் அது குறையாது. மருந்து வேலைசெய்யவில்லை என்று தவறாக முடிவெடுப்பீர்கள்.

எந்தப் புரதத்தைக் குறைக்கிறீர்கள் என்பதைப் போலவே எப்போது குறைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தொற்றுக்கு முன் குறைத்தால் உள்நுழைவும் வட்டம் உருவாவதும் தெரியும். தொற்றி 4 நாள் கழித்துக் குறைத்தால் ஆர்என்ஏ எழுதப்படும் படி தெரியும். ஒரே புரதத்துக்கு வேறுவேறு இடத்தைத் தாக்கும் இரண்டு எஸ்ஐ ஆர்என்ஏக்களாவது (புரதம் உருவாவதைத் தடுக்கும் சிறு ஆர்என்ஏக்கள்) வேண்டும். எச்என்எஃப்4 அல்ஃபாவைக் குறைத்தால் வைரஸ் வீழ்வது நிச்சயம். கூடவே அல்புமினும் வீழும், ஏனென்றால் கலமே ஈரல் கலமாக இருப்பதை விட்டுவிடுகிறது. ஆகவே அல்புமினையும் கலத்தின் உயிர்த்தன்மையையும் எப்போதும் சேர்த்தே அளவிடுங்கள். வட்ட டிஎன்ஏக்கு பிசிஆர் செய்யுமுன், சிறு டிஎன்ஏயைக் குரோமோசோமிலிருந்து பிரிக்கும் ஹேர்ட் முறையில் பிரித்து, டி5 எக்ஸோநியூக்ளியேஸால் அரைகுறை வட்டங்களைச் செரிக்கவிடுங்கள். அவை மிச்சமிருந்தால் பிசிஆர் பொய் சொல்லும். முக்கியமான முடிவுகளை சதர்ன் பிளொட்டில் உறுதிசெய்வதே நல்லது.

சீரத்தைக் கையாள முன் உங்கள் தடுப்பூசிப் பாதுகாப்பு (இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரி) மில்லிலீற்றருக்கு 10 மில்லி அலகுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வைரஸ் நம் புரதங்களை நம்பியிருக்கிறது என்றால், அவற்றையே மருந்தால் மறித்துவிடலாமே?
*ஆசிரியை, கொட்டாஞ்சேனை*

என்டிசிபி விஷயத்தில் அது நடந்திருக்கிறது. வைரஸின் மேலுறைப் புரதத்திலிருந்து செய்யப்பட்ட புலெவிர்டைட் அந்த வாசலை அடைக்கிறது. ஹெப்படைட்டிஸ் டி வைரஸும் இதே வாசலால் நுழைவதால், அந்த நோய்க்கு ஐரோப்பாவில் 2020இல் அனுமதி கிடைத்தது. பித்த உப்பு இரத்தத்தில் கூடினாலும் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். எச்எஸ்பி90, லிகேஸ் போன்றவை அப்படியல்ல. உடலின் எல்லாக் கலங்களுக்கும் அவை வேண்டும். ஈரலைக் காக்கப் போய் எலும்பு மச்சையைக் கெடுக்கக்கூடாது. எங்கள் பார்வையில் நம்பிக்கை தருவது எக்ஸ் புரதமும் டிடிபி1உம் சேரும் இடம். அந்தப் பிடியை மட்டும் விடுவித்தால் எஸ்எம்சி 5/6 பிழைத்து வைரஸை அடக்கும், கலத்துக்கும் சேதமில்லை. இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

கீழ்க்காய்நெல்லி செங்கமாரிக்குக் கைகண்ட மருந்து என்பார்கள். பட்டினி கிடந்தால் வைரஸ் கூடும் என்றும் எங்கோ வாசித்தேன். கந்த சஷ்டி விரதம் பிடிக்கலாமா?
*வாசகி, தெஹிவளை*

1988இல் சென்னை ஆய்வொன்றில் 200 மில்லிகிராம் கீழ்க்காய்நெல்லித் தூளை நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு அன்டிஜன் மறைந்ததாக எழுதினார்கள். பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. சாற்றுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்பது பொய்யல்ல: வைரஸ் டிஎன்ஏயில் ஈரல் புரதங்கள் அமரும் இடத்தை அது குழப்புவதைக் கலங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் கலத்தில் கண்டது நோயாளிக்குப் போதாது. வேறு காரணத்தால் வந்த செங்கமாரி தானாகவே மாறுவதும் இந்த மூலிகையின் பெயருக்குச் சேர்ந்துவிடுகிறது. குளிசைக்குப் பதிலாக இதை எடுக்காதீர்கள்.

பட்டினி பற்றி நீங்கள் வாசித்தது எலிகளில் 2006இல் கண்டது. பசியில் ஈரல் குளுக்கோஸ் செய்ய எழுப்பும் பிஜிசி1 அல்ஃபா என்ற புரதம், வைரஸ் டிஎன்ஏயையும் எழுப்பிவிடுகிறது, சாப்பிட்டதும் அடங்குகிறது. குளிசை ஒழுங்காக எடுத்து, ஈரல் சுருங்காமல் இருப்பவர் இதற்காக விரதத்தை விட வேண்டியதில்லை. டெனோஃபோவிர் போன்ற இன்னொரு குளிசையான என்டகாவிர் எடுப்பவருக்கு வெறும் வயிறுதான் நல்லது. சாப்பிட்டு இரண்டு மணிநேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணிநேரம் இருக்கும்போது போட வேண்டும். ஈரல் சுருங்கியவர்கள் மட்டும் நீண்ட நேரம் பட்டினி இருக்கக்கூடாது, தசை கரையும்.

அம்மாவுக்கு மூட்டுவாதத்துக்கு பிரெட்னிசலோன் தொடங்கப் போகிறார்கள். அவருக்கு முன்பு ஹெப்படைட்டிஸ் பி இருந்தது. சொல்ல வேண்டுமா?
*மகன், மருதானை*

கட்டாயம் சொல்லுங்கள், முதல் குளிசைக்கு முன்பே. பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொயிட். அது நிர்ப்பீடனத்தைத் தாழ்த்துவது ஒரு பக்கம். மறுபக்கம், ஸ்டீரொயிட்டை ஏற்கும் நம் கலப் புரதம் நேராக வைரஸ் டிஎன்ஏயில் அமர்ந்து அதைத் தூண்டவும் செய்கிறது. மேற்பரப்பு அன்டிஜன், மையப் பிறபொருளெதிரி (வைரஸ் எப்போதாவது தொற்றியதற்கான அடையாளம்) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்டிஜன் பொசிட்டிவாக இருந்து, நாளுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் 4 வாரத்துக்குக் குறையாமல் எடுப்பதானால், டெனோஃபோவிரோ என்டகாவிரோ முன்கூட்டியே தொடங்க வேண்டும். மூட்டுவாதத்துக்குச் சிலருக்குப் போடும், நிர்ப்பீடனத்தைத் தாழ்த்தும் ரிட்டுக்ஸிமாப் ஊசி என்றால், அன்டிஜன் நெகட்டிவாக இருந்து மையப் பிறபொருளெதிரி மட்டும் இருந்தாலும் பாதுகாப்புக் குளிசை தேவை. கடைசி ஊசிக்குப் பிறகு 12 மாதமாவது தொடர வேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் பம்ப்பில் அந்தளவு ஆபத்து இல்லை.