லைசின் எங்கே செய்தாலும் லைசின்தானே, இங்கே மறுபடி அனுமதி எதற்கு?

நீங்கள் கேட்ட கேள்வி இதுதான்: ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த ஒரு புதிய அமினோ அமிலத்தை (புரதத்தைக் கட்டும் சிறு கூறு, லைசினும் அதில் ஒன்று) கோழித்தீனில் சேர்க்க, இலங்கையில் மறுபடியும் கோப்பு, பரிசோதனை, காத்திருப்பு எல்லாம் எதற்கு? லைசின் எங்கே செய்தாலும் லைசின்தானே?

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் சின்னதாக ஒரு தீன் கலக்கும் இடம் நடத்துகிறேன். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைக்காரர்கள் வருவார்கள். "சாமான் ஒண்டுதானே" என்று கேட்காத ஆள் குறைவு. நீங்கள் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் சரக்கை இறக்கப் பார்த்து, இழுபட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் புரிகிறது. ஆனாலும் சாமான் ஒன்றில்லை.

சோளமும் சோயாப் புண்ணாக்கும் போட்டுக் கலக்கும் தீனில் கோழிக்கு முதலில் குறைவது மெதியோனின் என்ற அமினோ அமிலம், அடுத்தது லைசின். ஒரு தொன் தீனுக்கு ஒன்றிரண்டு கிலோ போட்டால் அந்தக் குறை தீரும். இதில் மெதியோனின் பெரும்பாலும் இரசாயன ஆலையில் தயாராவது. லைசின், திரியோனின், திரிப்டோபன், வலின் எல்லாம் சீனிப்பாகில் நுண்ணுயிரை வளர்த்து எடுப்பவை. லைசினுக்குப் பெரும்பாலும் கொரினேபாக்டீரியம் குளுட்டாமிக்கம், திரியோனினுக்கு ஈ. கோலை. சந்தையில் உள்ள லைசின் ஐதரோகுளோரைட்டு மூடையில் 78 சதவீதமளவு லைசின் இருக்கும். லைசின் சல்பேற்று என்று வருவதில் 55 சதவீதமளவுதான், மிச்சத்தில் நொதிக்க வைத்த கழிவும் சேர்ந்திருக்கும். இரண்டு மூடையிலும் பெரிய எழுத்தில் லைசின் என்றுதான் போட்டிருக்கும். ஒன்றுக்குப் பதிலாக மற்றதைக் கிலோவுக்குக் கிலோ போட்டால் கோழி அரைப்பட்டினி.

ஐரோப்பாவில் 2003ஆம் ஆண்டின் 1831ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படிதான் இவை அனுமதிக்கப்படுகின்றன. அங்குள்ள உணவுப் பாதுகாப்பு அதிகார சபை "லைசின் நல்லதா" என்று கேட்பதில்லை. எந்த நுண்ணுயிர் விகாரத்தால் (ஒரே நுண்ணுயிரின் குறிப்பிட்ட ஒரு வகை, ஆங்கிலத்தில் strain) செய்தது, அந்த உயிரியோ அதன் மாற்றப்பட்ட மரபணுவோ கடைசித் தூளில் மிஞ்சியிருக்கிறதா, நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிர்ப்புத் தரும் மரபணு இருக்கிறதா, மூடையைக் கொட்டும் தொழிலாளி அந்தத் தூசை மூச்சில் இழுத்தால் என்ன ஆகும், எந்த மிருகத்துக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறது. கருத்துச் சொல்ல ஆறு மாதம், மேலதிக விபரம் கேட்டால் அந்தக் கணக்கு நின்றுவிடும். கிடைக்கும் அனுமதியும் பத்து வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆகவே "ஐரோப்பாவில் அனுமதித்தது" என்றால், அந்த விகாரத்தால் அந்த முறையில் செய்த சரக்கை அனுமதித்தது என்று அர்த்தம். உங்கள் ஏஜென்ட் காட்டும் மூடை அதுதானா என்று இங்கே யாராவது பார்க்க வேண்டாமா?

என் கதைக்கு வருகிறேன். 2022இல் டொலர் இல்லாமல் நாடே திண்டாடியபோது மெதியோனின் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த நேரம் எனக்குப் பழக்கமான கிண்ணியா நானா ஒருவர் லொறியில் ஒரு மூடையோடு வந்தார். வெளியூர் வியாபாரி ஒருவன் கொடுத்ததாம். விலை பாதி. மூடையில் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. பதிவு இலக்கம் இல்லை, லொட் நம்பர் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை.

"தம்பி, சாமான் ஒண்டுதானே. நீங்க கலந்து மட்டும் தாங்க, பொறுப்பு எனக்கு" என்றார்.

"ஏலாது நானா. என்ன இருக்கெண்டு தெரியாத ஒண்ட என்ர மெசின்ல போட மாட்டன். மற்ற ஆக்கள்ர தீனும் அதிலதான் கலக்குது."

முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார். வீட்டிலேயே மண்வெட்டியால் கலந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. கோழியைப் பட்டினி போடவும் முடியாது, விற்கலாமென்றால் வாங்கவும் ஆள் இல்லாத நேரம் அது. சில வாரத்தில் முட்டை சிறுத்தது. கோழிகள் ஒன்றின் வால் இறகை ஒன்று பிடுங்கத் தொடங்கின. மெதியோனின் குறைந்தால் வருவது இவைதான். பிறகு அவரே மிஞ்சிய தூளில் கொஞ்சத்தை ஒரு ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல மெதியோனின் மூடையைப் பிரித்தால் கோவாவை (முட்டைக்கோஸ்) அதிகம் அவித்த மாதிரி ஒரு கந்தக வாடை முகத்தில் அடிக்கும். இதில் மூக்கை வைத்துத் தேட வேண்டியிருந்தது. ஒரு கிளாஸில் ஒரு கரண்டி போட்டு வினாகிரி ஊற்றினேன். சோடாப் போல நுரைத்துப் பொங்கியது. சுத்தமான மெதியோனின் வினாகிரிக்குப் பொங்காது. சுண்ணாம்புக்கல் தூள், அப்பச்சோடா மாதிரியானவைதான் பொங்கும். நானா கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். கலந்தது என்ன, எவ்வளவு என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

"அது கலப்படம், அனுமதி வேறு விசயம்" என்று யாராவது சொல்லக்கூடும். சரி, யோசித்துப் பாருங்கள். மெதியோனின் என்று விற்பதில் 99 சதவீதம் மெதியோனின் இருக்க வேண்டும், அதை இந்த முறையில் அளக்க வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருந்தால்தானே திருடனைப் பிடிக்கலாம்? அனுமதிக் கோப்பில்தான் அது எழுதப்படுகிறது. வழக்கமான புரதப் பரிசோதனை நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவது. யூரியாவைக் கலந்தாலும் அது "புரதம்" என்றே காட்டும். புதுசாக வரும் அமினோ அமிலம் ஒன்றை அளக்கும் முறையே இல்லாமல் சந்தையில் விட்டால், வினாகிரிக் கிளாஸ்தான் எங்களுக்கு மிச்சம்.

1989இல் அமெரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அது மனிதர்கள் மாத்திரையாக எடுத்த திரிப்டோபன், தீன் இல்லை. ஆனால் அதுவும் நொதிக்க வைத்து எடுத்ததுதான். 1,500க்கு மேற்பட்டோர் தசைவலி நோயில் விழுந்தார்கள், 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரித்தபோது பெரும்பாலும் ஒரே உற்பத்தியாளரின் சரக்கில் போய் நின்றது. அந்த ஆலை புது விகாரத்துக்கு மாறியிருந்தது, வடிகட்டும் கரித்தூளையும் குறைத்திருந்தது. திரிப்டோபன் எப்போதும்போலத் திரிப்டோபன்தான், கூட வந்த அழுக்குத்தான் வேறு. 98.5 சதவீதம் சுத்தம் என்று எழுதிய தூளில் மிச்ச ஒன்றரை சதவீதம் என்ன என்று கேட்கும் அதிகாரியை நான் திட்ட மாட்டேன்.

எந்த மிருகத்துக்கு என்பதும் சும்மா எழுதுவதில்லை. மூதூர்ப் பக்கம் தயிருக்கு எருமை வளர்ப்பவர்கள் நிறைய. கோழிக்கு வாங்கிய திரிப்டோபனை எருமைக்கும் போட்டால் பால் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்புப் பூச்சு இல்லாத திரிப்டோபன் அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பைக்குள் போனால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நுரையீரலைக் கெடுக்கும் ஒரு பொருளாக மாற்றிவிடும். அதனால்தான் மாட்டுக்குப் பூச்சுப் பூசிய வகை மட்டும் என்று ஐரோப்பியக் கருத்துரைகளில் வருகிறது. தீனிலும் போட்டுத் தண்ணீரிலும் ஒரேநேரத்தில் கரைத்துக் கொடுக்காதீர்கள், சமநிலை குழம்பும் என்ற எச்சரிக்கையும் அதே கருத்துரைகளில்தான். கோப்பு இல்லாவிட்டால் இது எனக்கும் தெரிந்திருக்காது.

உடனே ஒருவர் வந்து "அரச அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்பார். இல்லை. எங்களுக்கு 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டம் இருக்கிறது. தீன் செய்வதையும் விற்பதையும் கட்டுப்படுத்த அதிகாரம் இருக்கிறது. ஆனால் திருகோணமலையில் இருந்து ஒரு தீன் மாதிரியைச் சோதிக்க வேண்டுமென்றால் அது மலைநாட்டுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. பதில் வருவதற்குள் தீன் முடிந்து கோழியும் விற்றுவிடும். கிழக்கில் ஒரு ஆய்வுகூடம் கேட்டு நாங்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கோபப்பட வேண்டிய இடம் இது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பரவாயில்லை. 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்புக்கு 45 ரூபா என்று வர்த்தமானியில் உச்சவிலை போட்டார்கள். அடுத்த வருடம் இந்தியாவில் இருந்து முட்டையையே இறக்கினார்கள். முட்டைக்கு டொலர் கிடைத்தது. அதற்கு முந்திய வருடம் சோளத்துக்கும் சோயாவுக்கும் கிடைத்திருந்தால் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கூட்டைக் காலி செய்திருக்க மாட்டார்கள். கூடு விற்ற காசில் கடன் கட்டிய ஆட்கள் இப்போது சீனக்குடாவில் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

சரி, உங்கள் விசயம். கம்பனியிடம் ஐரோப்பிய அனுமதியின் இலக்கத்தையும் அதில் எழுதியிருக்கும் விகாரத்தின் பெயரையும் கேளுங்கள். அவர்கள் அனுப்பப் போகும் சரக்கு அதே விகாரத்தில், அதே ஆலையில் செய்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். எந்த மிருகத்துக்கு அனுமதி, எந்த முறையில் அளப்பது, லொட் ஒவ்வொன்றுக்கும் பகுப்பாய்வுச் சான்றிதழ் தருவார்களா என்பதையும் கேளுங்கள். இதெல்லாம் கையில் இருந்தால் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் பேசுவது சுலபம். விகாரத்தின் பெயரைச் சொல்லத் தயங்கும் கம்பனி என்றால் அந்த ஏஜென்சியை எடுக்காதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் கருத்துப் பெட்டியில் போடுங்கள், எனக்குத் தெரிந்த அளவுக்குப் பார்த்துச் சொல்கிறேன்.