ஊசி வலியைக் குறைக்கும் தேனீக் கருவியை வன்னிக்குக் கொண்டுவந்து விற்கலாமா?

கேள்வி கேட்டவர் வெளிநாட்டில் இருக்கிறார். ஊசி குத்தும்போது வரும் வலியைக் குறைக்க ஒரு பெண் டொக்டர் கருவி கண்டுபிடித்து, முதலீட்டாளர்களைத் தேடி அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்ததைப் பார்த்தாராம். அது உண்மையிலேயே வேலை செய்யுமா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கொண்டுவந்தால் விலைப்படுமா, கையிலிருக்கும் காசை அதில் போடலாமா என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். நான் வன்னியில் ஒரு அரச ஆஸ்பத்திரியின் சிறுவர் விடுதியில் தாதியாக இருக்கிறேன். வியாபாரம் தெரியாது, ஊசி தெரியும். அந்த அளவில் சொல்கிறேன்.

வேலை செய்யும், ஓரளவுக்கு. விற்க வந்தால் கை சுடும். ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அது கட்டாயம் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கருவியின் பெயர் பஸ்ஸி. கண்டுபிடித்தவர் ஏமி பாக்ஸ்டர், அட்லாண்டாவில் சிறுவர் அவசர சிகிச்சை டொக்டர். தன் மகன் தடுப்பூசி போடும்போது பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து இதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தவர். ஒருநாள் இரவு வேலை முடிந்து கார் ஓட்டி வரும்போது ஸ்டேரிங் அதிர்ந்து கை மரத்துப்போனதில்தான் யோசனை வந்ததாம். இதை எங்கட ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலையிலிருந்து லான்ட்மாஸ்ரர் பிடித்து உழுதவரின் கை, இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் விறைத்துப்போய்த்தான் இருக்கும். பாக்ஸ்டர் அந்த அதிர்வோடு குளிரையும் சேர்த்தார். முதலில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துப் பார்த்தார். பிறகு கைக்குள் அடங்கும் தேனீ உருவத்தில் ஒரு பிளாஸ்ரிக் கருவி, உள்ளே அதிரும் மோட்டர், பின்பக்கம் செருகும் ஐஸ் சிறகு என்று அது வளர்ந்தது. அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிதியும் கிடைத்தது. 2014 இல், நீங்கள் பார்த்த மாதிரி முதலீட்டாளர்களிடம் காசு கேட்கும் ஷார்க் டாங்க் நிகழ்ச்சிக்குப் போய்ப் பத்து லட்சம் டொலர் கேட்டார். பேரம் படியவில்லை, கம்பனியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அதன் பிறகும் கம்பனி நடந்தது, பெயரை மாற்றிக்கொண்டு இடுப்பு வலிக்கும் கருவி செய்கிறது.

ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் பழையது. 1965 இல் றொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர், முள்ளந்தண்டு வடத்தில் வலிச் செய்திக்கு ஒரு படலை இருக்கிறது என்று எழுதினார்கள். தொடுகை, அதிர்வு ஆகியவற்றைக் கொண்டுபோகும் நரம்பு தடித்தது, வேகமானது. வலியைக் கொண்டுபோகும் நரம்பு மெல்லியது. தடித்த நரம்பு நிறையச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் மெல்லியதன் செய்தி படலையில் மறிபடும். முழங்கால் கதவில் அடிபட்டதும் யாரும் சொல்லித்தராமலே தேய்க்கிறோமே, அதுவும் இதுதான். அதனால் கருவியை ஊசி ஏறும் இடத்துக்கும் மூளைக்கும் நடுவில் வைக்கவேண்டும். முழங்கை மடிப்பில் இரத்தம் எடுத்தால் கருவி மேற்கையில். கீழே வைத்தால் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. சேர்த்துப் பார்த்தவர்கள் பிள்ளைகளின் வலியும் பயமும் குறைகிறது என்கிறார்கள், ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்றும் கூடவே சொல்கிறார்கள். அது நியாயமான குறைதான். குளுசையென்றால் எது மருந்து, எது வெறும் மா என்று மறைத்துக் கொடுக்கலாம். கையில் ஒரு தேனீ அதிர்ந்துகொண்டிருப்பதை யாருக்கு மறைப்பது? வலி குறைந்ததா, பிள்ளை தேனீயைப் பார்த்து ஊசியை மறந்ததா என்று பிரிக்கவும் முடியாது. எனக்கு அதில் கவலையில்லை. மறந்தாலும் சரிதான்.

இனி வன்னிக்கு வருவோம். இங்கே இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில், "நாங்கள் காணாத நோவா மிஸ்?" என்பதுதான். அதற்கு எதிர்ப்பேச்சுப் பேச எனக்கு வாய் வராது. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நடந்த தற்காலிக ஆஸ்பத்திரிகளில் மயக்கமருந்துக்குத் தட்டுப்பாடு. உடம்புக்குள் எறிகணைத் துண்டோடு இன்றைக்கும் வயலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் தடுப்பூசி அழுகை ஒரு விசயமாகத் தெரியாவிட்டால் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை 2009 ஐப் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்த பெரிய வலி இதுதான்.

பயமும் சின்ன விசயமில்லை. பாக்ஸ்டரும் சேர்ந்து 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று, நாலு தொடக்கம் ஆறு வயதுக்குள் ஒரே நாளில் பல ஊசி வாங்கிய பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் ஊசிப் பயம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பயம் கூடியவர்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியைத் தொடங்குவதும் குறைவு. எங்கட அட்டவணை அமெரிக்காவைப் போல் நெரிசலானது இல்லை. மூன்று வயதில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று பிரிந்து வரும். ஆனால் இங்கேயும் 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்பிவி போடுகிறோம். வரிசையில் ஒருத்தி மயங்கி விழுந்தால் பின்னால் நிற்கிற பாதிப் பேருக்குத் தலை சுற்றும். அந்த இடத்தில் தேனீ உதவாது. முன்னால் நடப்பது பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாமல் மறைப்பதும், பயந்த பிள்ளையை வாங்கில் படுக்கவைத்துப் போடுவதும்தான் உதவும்.

இன்னொன்று, இது கொஞ்சம் பகிடி. எங்கட பெரியவர்கள் ஊசியைக் கேட்டு வாங்குகிறவர்கள். "குளுசை வேண்டாம் டொக்டர், ஒரு ஊசி அடிச்சு விடுங்கோ" என்பார்கள். நொந்தால்தான் மருந்து பிடித்தது என்ற நம்பிக்கை. அதே ஆட்கள் வீட்டில் "குழப்படி செய்தால் மிஸ்ஸிட்டச் சொல்லி ஊசி போடுவிப்பன்" என்று பிள்ளையை வெருட்டுவார்கள். அந்த வெருட்டை நிற்பாட்டினாலே எனக்கு விடுதியில் பாதி வேலை குறையும்.

ஐஸ் விசயத்தையும் சொல்லவேண்டும். கருவியின் பாதி பலம் அதன் சிறகில் இருக்கிறது, சிறகு ஒவ்வொரு தடவையும் கல்லாக உறைந்திருக்கவேண்டும். விடுதியில் இருக்கும் பிறிட்ஜ் மருந்துக்கானது. கிராமக் கிளினிக்கில் அதுவும் இல்லை. தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பக்கற் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அதில் கை வைக்கவே கூடாது. தடுப்பூசி 2 இலிருந்து 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும், அந்த ஐஸ் அதற்காகத்தான். பிறகு தொற்று. ஒரு பிள்ளையின் கையில் வைத்ததை அடுத்த பிள்ளைக்கு வைக்குமுன் துடைக்கவேண்டும், துணி உறை போடக்கூடாது. டெங்குக் காலத்தில் ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளை கிடக்க, எல்லாருக்கும் இரத்தம் எடுக்கும் காலையில், சிறகு உறையும்வரை காத்திருக்க ஆளில்லை.

காசில்லாத வழிகள் இருக்கின்றன, அவை தேனீயை விடக் குறைந்தவை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் தடுப்பூசி வலி பற்றி அறிவுரை வெளியிட்டது. கைக்குழந்தை என்றால் ஊசிக்குச் சற்று முன்போ போடும்போதோ தாய்ப்பால் கொடுக்கட்டும். பிள்ளையைக் கட்டிலில் அமத்திப் பிடிக்காமல் தாயின் மடியில் நிமிர்த்தி இருத்தவேண்டும். ஒரே நாளில் இரண்டு ஊசியென்றால் கூட நோவதைக் கடைசியில் போடவேண்டும். ஊசி ஏற்றியபின் இரத்தம் வருகிறதா என்று பின்னுக்கு இழுத்துப் பார்க்கும் பழைய பழக்கம் தடுப்பூசிக்குத் தேவையில்லை, அது நோவைக் கூட்டும். இவற்றுக்கு ஒரு சதமும் தேவையில்லை, தாய்மாரிடம் சொல்ல இரண்டு நிமிடம் தேவை. "நோகாது" என்று பொய் சொல்லாதீர்கள் என்பதை நானாகச் சேர்க்கிறேன். ஒருக்கா பொய் சொன்னால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை உங்களை நம்பாது.

சரி, கட்டாயம் இருக்கவேண்டும் என்று சொன்ன இடம். அது பெனிசிலின் கிளினிக்.

வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதான பிள்ளைகள் இருக்கிறார்கள். தொண்டைத் தொற்று வந்து, அதைக் கவனிக்காமல் விட்டதில் வந்த நோய். திரும்ப வராமல் இருக்க மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா பென்சதின் பெனிசிலின் ஊசி, வருடக்கணக்கில். அந்த மருந்து கட்டிப் பால் மாதிரித் தடித்தது. பெரிய ஊசியால் தசைக்குள் மெல்ல மெல்லத் தள்ளவேண்டும். வேகமாகத் தள்ளினால் அடைக்கும், மெல்லத் தள்ளினாலும் பிள்ளை துடிக்கும். தடுப்பூசி வாழ்க்கையில் சில தடவை, இது ஒவ்வொரு மாதமும். பதின்மூன்று பதின்னான்கு வயதில், அம்மாவின் பேச்சுக் கேளாத வயதில், பிள்ளை வராமல் விடும். அப்புறம் ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு வரும், அப்போது வால்வு இன்னும் மோசமாகியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஊசி வலி என்பது மருந்து எடுப்பதா விடுவதா என்ற கேள்வி.

நியூசிலாந்தில் தெற்கு ஓக்லாந்துப் பக்கம் இதே வாதக் காய்ச்சல், இதே ஊசி. அங்கே மருந்தோடு விறைப்பு மருந்தான லிக்னொக்கேனைக் கலந்தும், பஸ்ஸியை வைத்தும் பார்த்து, வலியும் பயமும் குறைந்ததை 2014 இல் எழுதினார்கள். எனக்கு அந்த ஆய்வு அமெரிக்கத் தொலைக்காட்சியை விடப் பெரிசு. லிக்னொக்கேன் கலப்பது டொக்டர் தீர்மானிக்கும் விசயம், வீட்டில் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். ஆனால் ஒரு கருவியும், கிளினிக் நாளன்று காலையில் ஒரு பெட்டி ஐஸும் ஏற்பாடு செய்ய முடியாத விசயம் இல்லை. கிளினிக் நாள் முன்கூட்டியே தெரியும், வரும் பிள்ளைகளும் தெரிந்த பிள்ளைகள். முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு ஐஸ் இருக்கிறது, பிள்ளைக்கு இல்லாமல் போகாது.

இனிக் காசு. கருவியின் விலை நாற்பது டொலரைச் சுற்றி. எங்கட காசில் பன்னிரண்டாயிரம் ரூபாவைத் தாண்டும், தீர்வை வேறு. வன்னியில் கூலிக்குப் போகிறவர், வருடத்தில் ஒன்றிரண்டு தடவை ஊசி வாங்கும் பிள்ளைக்காக அந்தக் காசைப் போடுவாரா? போடமாட்டார், போடவும் கூடாது. ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். நோவது பிள்ளைக்கு, குத்துவது நான், வாங்குவது கொழும்பில் இருக்கும் திணைக்களம். அந்தத் திணைக்களத்துக்கு இது நோவதே இல்லை. மருத்துவக் கருவியை இறக்கி விற்கவேண்டுமானால் 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியவேண்டும். பதிந்தபின்னும், 2022 இல் அடிப்படை மருந்துக்கே தட்டுப்பாடு பார்த்த நாடு அழும் பிள்ளைக்குத் தேனீ வாங்க வரிசையில் எந்த இடம் கொடுக்கும் என்று நீங்களே யோசியுங்கள். தனியார் கிளினிக்குகளும் பல் வைத்தியர்களும் கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒவ்வொன்று வாங்கலாம். அதை நம்பி ஒரு கொள்கலன் இறக்கமுடியாது.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு விற்கலாமே என்று இந்தக் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். இன்சுலின் ஊசி மயிரளவு மெல்லியது, அது நொந்தால் பெரும்பாலும் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பாவிப்பதால்தான். முனை மழுங்கிவிடும். புது ஊசி வாங்கச் சொல்லுங்கள், கருவி வேண்டாம்.

ஆகவே முதலீடு என்றால் நான் ஒரு ரூபாவும் போடமாட்டேன். அனுப்பி உதவ ஆசையென்றால், பெட்டி பெட்டியாக வேண்டாம். பெனிசிலின் கிளினிக் நடக்கும் ஒரு ஆஸ்பத்திரியைத் தேர்ந்து, பணிப்பாளருக்கு முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்காமல் வந்த அன்பளிப்புகள் களஞ்சியத்தில் தூசி பிடித்துக் கிடப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஒத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிப் பாவனைக்கான கருவி இரண்டு, மேலதிகச் சிறகுகள், பற்றரி, இவ்வளவு போதும். கூடவே தமிழில் ஒரு தாள் எழுதி அனுப்புங்கள்: ஊசி ஏறும் இடத்துக்கு மேலே, மூளைப் பக்கமாக வைக்கவேண்டும், புண்ணில் வைக்கக்கூடாது, குளிருக்கு விரல் வெளிறிப்போகும் நோய் உள்ளவர்களுக்கும் இரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் நோய் உள்ளவர்களுக்கும் ஐஸ் கூடாது, எறிகணைக் காயத்தால் நரம்பு செத்த இடத்தில் ஐஸ் வைத்தால் தோல் கருகுவது தெரியாது. கடைசியாகச் சொன்னது கருவியோடு வரும் அமெரிக்கத் தாளில் இந்த விதமாக இருக்காது, எங்கட ஊருக்காக அதை முதல் வரியாகப் போடுங்கள்.