ஏ.சி. ஓடினால் எவ்வளவு வரும்? கரண்ட் பில் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் கரண்ட் பில் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் அதையொட்டி நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன். எல்லாக் கணக்கும் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கு, இரண்டு மாத பில்லுக்கு. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த ரேட்டை வைத்துப் போட்டிருக்கிறேன், எண்கள் மனதில் நிற்கும் என்பதால். அதற்கப்புறம் ரேட் ஏறியிருக்கிறது, எனவே உங்கள் பில்லில் இருக்கும் இப்போதைய ரேட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸியில் 750 வாட் என்று எழுதியிருக்கிறது, ஃபேனில் 75 வாட்தான். அப்படியென்றால் பில் ஏறுவதற்கு மிக்ஸிதானே காரணம்? மாமியார் அதைத்தான் சொல்கிறார். (தாராபுரம் வாசகி)

இல்லைங்க. வாட்டை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு. 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான் சூத்திரம். உங்கள் மிக்ஸி சட்னி, பொடி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு கால் மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம், 60 நாளுக்கு 11 யூனிட் சொச்சம். அதே வீட்டில் ஹாலில் ஒரு பழைய ஃபேன் தினம் 14 மணி நேரம் சுற்றினால் 60 நாளுக்கு 63 யூனிட். ஒரே ஒரு ஃபேனுக்கு இது. மூன்று ஃபேன் அப்படி ஓடும் வீட்டில் 200 யூனிட் பக்கம் ஃபேனுக்கே போய்விடும்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது தெரியும், பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ள ஃபேன், வாங்கலாமா என்று. அது 30 வாட்டுக்குப் பக்கத்தில்தான் எடுக்கும், அதே 14 மணி நேரத்துக்கு 25 யூனிட். ஃபேனுக்கு 38 யூனிட் மிச்சம். ஆனால் யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் என்பதால் அந்த 38 யூனிட்டின் மதிப்பு வீட்டுக்கு வீடு மாறும், இதை கடைக்காரர் சொல்ல மாட்டார். உங்கள் பில் 200 யூனிட்டுக்குள் நிற்கிறது என்றால் மிச்சமாகும் யூனிட் 2.25 ரூபாய் யூனிட், பில்லுக்கு 85 ரூபாய்தான் குறையும். 300, 400 என்று போகிற வீடு என்றால் யூனிட் 4.50, அங்கே 170 ரூபாய் குறையும். 600ஐத் தாண்டுகிற வீட்டில் 9 ரூபாய் வீதம் 340. எனவே பெரிய பில் வருகிற வீடுகள் முதலில் மாற்றட்டும், அதிலும் ராத்திரி பகல் ஓடும் ஃபேனை. விருந்தாளி வந்தால் மட்டும் போடும் அறைக்கு வேண்டாம்.

புதிதாக ஏ.சி. போட்டோம். 1.5 டன். மாதம் ஆயிரம் ரூபாய்தான் கூட வரும் என்று கடையில் சொன்னார்கள், வந்த பில்லைப் பார்த்து அதிர்ச்சி. எப்படிக் கணக்குப் பார்ப்பது? (வேலூர் வாசகர்)

வேலூர் வெயிலுக்கு ஏ.சி. போட்டதில் தப்பே இல்லை. கடையில் சொன்னது யூனிட்டை 4.50ஆல் பெருக்கிய கணக்காக இருக்கும், அது இங்கே பொருந்தாது. ஏனென்று பாருங்கள்.

ஏ.சி. இல்லாமல் உங்கள் வீட்டுக்கு 300 யூனிட் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 225 ரூபாய், அடுத்த 100க்கு 450, ஆக 675. இப்போது ஏ.சி. ராத்திரி 8 மணி நேரம் ஓடுகிறது, மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட், 60 நாளுக்கு 480. மொத்தம் 780 யூனிட். 500ஐத் தாண்டியதும் அந்த 2.25 ரூபாய் சலுகை போய்விடுகிறது. 101 முதல் 400 வரை முழுக்க 4.50, அடுத்த 100 யூனிட் 6 ரூபாய், அதற்கடுத்த 100 யூனிட் 8, அதற்கு மேல் 800 வரை 9. கூட்டினால் 1350, 600, 800, 1620, மொத்தம் 4370 ரூபாய். பழைய 675ஐக் கழித்தால் ஏ.சி.க்கு மட்டும் 3695. யூனிட்டுக்கு 7.70 விழுந்திருக்கிறது, 4.50 அல்ல. ஒரு சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும்போது அதன் யூனிட்டை பில்லின் மேல் தட்டில், அதாவது அதிக ரேட் விழும் கடைசி யூனிட்களில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை நிறுத்தினால் குறைவது மேல் தட்டு யூனிட்தான்.

இதில் ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. செட்டிங்கை 20லிருந்து 26க்கு ஏற்றி, ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டு, ஃபில்டரை கழுவி, சராசரியை மணிக்கு 0.7 யூனிட்டுக்குக் கொண்டுவந்தால் 144 யூனிட் குறையும், அத்தனையும் 9 ரூபாய் யூனிட், 1296 ரூபாய் மிச்சம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது.

இன்னொன்று, ஏ.சி. மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அது வருடம் 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட எண். தினம் ராத்திரி எட்டு மணி நேரம் வருடம் பூராவும் போட்டால் 2900 மணி நேரம் ஆகிவிடும், அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

எதையும் புதிதாக வாங்கவில்லை, பில் மட்டும் ஏறுகிறது. எந்தச் சாமான் இழுக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

முடியும், காசு செலவில்லாமல். மீட்டர் பெட்டி முன் போய் நில்லுங்கள். ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். மீட்டர் முகப்பிலேயே 3200 என்றோ 1600 என்றோ எழுதியிருக்கும், ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு எத்தனை முறை மின்னும் என்பது அது. உங்களுடையது 3200 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எல்லாச் சுவிட்சையும் அணையுங்கள், ஃபிரிட்ஜ் பிளக், வைஃபை, செட்டாப் பாக்ஸ் உட்பட. மெயினை அணைக்க வேண்டாம். இப்போதும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிவு இருக்கலாம், அல்லது உங்களுக்குத் தெரியாமல் ஒரு லைன் வெளியே போகலாம், உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். நின்றுவிட்டால் சரி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழைய ஃபேன் ஒன்று மட்டும் ஓடினால் 15 விநாடிக்கு ஒருமுறை மின்னும். பிஎல்டிசி என்றால் 37, 38 விநாடிக்கு ஒருமுறை. அயர்ன் பாக்ஸ் சூடேறும்போது விநாடிக்கு ஒன்று கிட்டத்தட்ட. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி, 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும். முன்பு அரை மணியில் நிறைந்த டேங்க் இப்போது ஒன்றரை மணி நேரம் எடுக்கிறதா என்றும் பாருங்கள். போர் தண்ணீர் இறங்கியிருந்தாலோ ஃபுட் வால்வு கசிந்தாலோ பில் அதில்தான் ஏறும், நிறைய வீட்டில் நடப்பது இது.

ஃபிரிட்ஜுக்கு மட்டும் இப்படி எண்ண முடியாது, கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும். ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து மீட்டரை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறக்குமுன் இன்னொரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாள் கணக்கால் வகுத்தால் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு எடுக்கும் யூனிட். வீட்டில் ஆள் இருக்கும்போது கதவைத் திறந்து மூடுவதால் இதைவிடக் கொஞ்சம் கூட ஆகும்.

கீசர் 2000 வாட். பயந்து பயந்து போடுகிறோம். (ஊட்டி வாசகி)

பயம் வேண்டாம். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல், கால் மணி நேர வேலை. உங்கள் ஊர் குளிரில் 40 டிகிரி ஏற்ற வேண்டியிருந்தால் முக்கால் யூனிட் என்று வையுங்கள். குளித்ததும் சுவிட்சை அணையுங்கள், அது போதும்.

ஃபேனை இரண்டில் வைத்தால் கரண்ட் குறையுமா? (கும்பகோணம்)

சின்னத் திருகு மாதிரி இருக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் குறையும். பழைய பெட்டி ரெகுலேட்டரில் பெரிதாகக் குறையாது, மிச்சத்தை அந்தப் பெட்டியே சூடாக்கித் தீர்த்துவிடும், தொட்டால் தெரியும்.

வாடகை வீடு. ஒரே ஈபி இணைப்பில் ஓனர் வீடு, எங்கள் வீடு, மாடியில் இன்னொரு குடும்பம். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். நியாயமா? (திருப்பூர் வாசகர்)

நியாயமில்லை, கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மூன்று வீடும் ஆளுக்கு 200 யூனிட் என்றால் மொத்தம் 600, ஈபிக்குக் கட்டுவது 2750 ரூபாய், யூனிட்டுக்கு 4.60கூட வரவில்லை. நீங்களும் மாடிக் குடும்பமும் சேர்ந்து 400 யூனிட்டுக்குக் கொடுப்பது 3600. உங்கள் இரண்டு குடும்பத்தின் பணத்திலேயே ஓனர் வீட்டு கரண்டும் கட்டி மேலே 850 ரூபாய் மிஞ்சுகிறது. மூன்று வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் ஆளுக்கு 225 ரூபாயோடு முடிந்திருக்கும். 100 யூனிட் இலவசமும் சலுகை ரேட்டும் இணைப்புக்கு ஒன்றுதான் என்பதால் அதை இழந்து நிற்பது வாடகைக்கு இருப்பவர்கள்தான்.

சண்டை போடச் சொல்லவில்லை. ஈபி பில்லைக் காட்டச் சொல்லுங்கள், மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து அந்த ரேட்டுக்கு வாங்கிக்கொள்ளும்படி கேளுங்கள், மாடியில் இருப்பவரையும் கூட அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அடுத்து வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தனி ஈபி இணைப்பு உண்டா என்று கேட்டுவிட்டு, அந்த இணைப்பின் பழைய பில் ஒன்றையும் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.